இறக்கத்துக்கு எதுக்குங்க பெட்ரோல்

உக்காருங்க, உக்காருங்க. பையை மடியில வெச்சுக்க வேண்டாம், இப்படிக் கால்கிட்டத் தள்ளுங்க. திருச்செங்கோடு வரைக்குந்தானுங்களே? அப்ப இந்த பஸ்ஸுல ஒண்ணேகால் மணி நேரம் கிடைச்சுது. பேச்சுத் துணைக்குக் கூப்பிடறேன்னு நெனைச்சுக்காதீங்க, எனக்கு ஒரு நியாயம் கேக்கோணும். நீங்க மூணாம் மனுசன். எங்க சொந்தபந்தம், ஒறம்பரைச் சனத்துகிட்டக் கேட்டா அத்தனை பேரும் துளசிமணி பக்கம் சாஞ்சுக்கறாங்க. துளசிமணி என்ற சம்சாரமுங்க.

என்ற பேரு செங்கோட்டுவேலு. போர்வெல் தொழிலு. நாலு ரிக்கு லாரி ஓடுது. முப்பது வருசமா பூமிக்குள்ளதான் போயிட்டிருக்கறேன். ஆயிரத்தி இருநூறு அடி வரைக்கும் எறக்கியிருக்கறனுங்க, தண்ணி வந்தாலும் செரி, வராட்டியும் செரி. போன வருசம் ஒரு நாள் காத்தால பல்லு வெளக்கிட்டிருக்கறப்ப நெனைச்சேன், கீழ இத்தனை தூரம் போயாச்சு, ஒருக்கா மேல போகோணும். ஏரோப்ளேன்ல டிக்கெட் எடுத்துக்கிட்டு சன்னலோரம் உக்காந்து போறது இல்லீங்க, அது பஸ்ஸுதான். நானே ஓட்டோணும். பக்கத்துல ஆளே இல்லாம. அதுக்குப் பேரு சோலோ. அம்பத்திமூணு வயசுல என்ன ஆசைன்னு கேப்பீங்க. ஆசைக்கு வயசு யாரு பாத்தா.

சேலத்துப் பக்கம் ஒரு பறக்கற பள்ளிக்கூடம். ரெண்டு பேரு உக்கார்ற வண்டி, நம்ம ஆம்னி வேனை விடச் சின்னது. சொல்லிக் குடுக்கறது ஜெனிட்டான்னு ஒரு அம்மிணி, தூத்துக்குடிப் பக்கம், இருவத்தியேழு வயசு. நான் கேப்டன் அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். நல்ல பொண்ணு. ஆனா ஒண்ணு, வண்டியப் பத்தி நான் எது சொன்னாலும் "சார், இது லாரி இல்ல"ம்பாங்க. ஒரு நாளைக்கு நாலு தரம். நான் எப்பங்க லாரின்னு சொன்னேன்?

இன்ஜினெல்லாம் பாத்துக்கறது தாஜுதீன் பாய். அவரு தங்கமான மனுசன். மொத வாரமே என்னையப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயி, கழட்டி வெச்ச கார்புரேட்டர் ஒண்ணைக் கையில குடுத்துட்டாரு. அதைப் பத்திச் சித்தச் சொல்லோணும், இல்லீன்னா என்ற கட்சி உங்களுக்குப் புரியாது.

ரெக்கைக்குள்ளதாங்க டேங்கு. ரெக்கை மேல இருக்குது, இன்ஜின் கீழ இருக்குது, பம்பு கிடையாது. பெட்ரோலு தானா எறங்கும். ஆனா நேரா இன்ஜினுக்குள்ள போயிராது. இன்ஜினுக்கு அடி வயித்துல இந்தக் கார்புரேட்டர் தொங்கிட்டிருக்கும். அதுக்குள்ள ஒரு கிண்ணம், கிண்ணத்துல ஒரு மிதவை. உங்க ஊட்டு மொட்டை மாடித் தொட்டியில பந்து மிதக்குமே பாத்திருக்கறீங்களா? ரொம்புச்சுன்னா பந்து மேல வந்து தண்ணிய அடைச்சுரும், கொறைஞ்சா எறங்கித் தொறந்து விட்டுரும். அதேதான். இன்ஜின் குடிக்கக் குடிக்க மிதவை எறங்கும், ஊசி விலகும், பெட்ரோல் வரும். கிண்ணத்துல எப்பவும் ஒரே மட்டம்.

கிண்ணத்துக்குப் பக்கத்துல காத்துப் போற குழாய். நடுவுல இடுப்பு மாதிரி சிறுத்திருக்கும். சிறுத்த எடத்துல காத்து வேகம் புடிக்கும். வேகமாப் போற காத்து சும்மா போகாது, கிண்ணத்துல இருக்கற பெட்ரோல உறிஞ்சிக்கிட்டுப் போகும். கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்கறாங்களே, அப்படிப் பொடிசாத் தெறிக்கும். காத்து எத்தனை போகுதோ அதுக்குத் தக்கன பெட்ரோலு. அந்தக் காத்தைக் கூட்டிக் கொறைக்க உள்ள ஒரு தட்டு இருக்குது. நமக்கு முன்னால கறுப்பா ஒரு குமிழு, அதை உள்ள தள்ளுனா தட்டு தொறக்கும், வண்டி சீறும். வெளிய இழுத்தா அடங்கும். இது வரைக்கும் எனக்கு ஒரு தகராறும் இல்லீங்க.

கறுப்புக்குப் பக்கத்துலயே செகப்பா இன்னொரு குமிழு. அங்கதான் தகராறு.

மேல போகப் போகக் காத்து லேசாப் போயிருது. ஆனா பெட்ரோலு லேசாகறதில்ல. அப்ப என்ன ஆகும்? கம்மங்கூழுக்கு மோர் பத்தலைன்னா எப்படி இருக்கும்? கெட்டிச்சுக்கும். இன்ஜினுக்கு முழுங்க முடியாது. அதுக்காக அந்தச் செகப்புக் குமிழை வெளிய இழுத்தா, பெட்ரோல் வர்ற வழி சிறுத்துக்கும், கலவை செரியாகும். கீழ எறங்கறப்ப மறுபடியும் உள்ள தள்ளிரோணும். ஒரேயடியா வெளிய இழுத்துப்போட்டா வழி மொத்தமா அடைச்சுக்கும். ஒரு சொட்டு போகாது. "மூவாயிரம் அடிக்குக் கீழ செகப்பு நமக்கு வேண்டாம் சார், உள்ளயே கிடக்கட்டும்"னு கேப்டன் அம்மிணி சொல்லி வெச்சிருந்தாங்க. செரின்னுதான் நானும் கேட்டுக்கிட்டேன். காதுல கேட்டுக்கிட்டேன்.

ஆனா கைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. அதுக்கு முப்பது வருசப் பழக்கம். நீங்க கொல்லிமலை போயிருக்கறீங்களா? எழுவது கொண்டை ஊசி. மேல இருந்து காரவள்ளி வரைக்கும் நான் என்ற மோட்டார் சைக்கிளை ஓட வெச்சதே கிடையாது. நியூட்ரல்ல போட்டு, சாவிய அணைச்சுருவேன். எழுவது வளைவும் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாம. இறக்கத்துல வண்டி தானாப் போகுது, அப்புறம் எதுக்குங்க அதுக்குச் சோறு? துளசிமணி பின்னால உக்காந்துக்கிட்டு முருகா முருகான்னு வருவா. ஒரே ஒருக்காதான் பிரேக்கு சூடேறிப் புடிக்காமப் போயி, மரவள்ளிக் காட்டுக்குள்ள விட்டுட்டேன். அவளுக்குக் கையில ஒரு முறிவு. சின்ன முறிவுதானுங்க, நாப்பது நாள்ல கூடிருச்சு. யானைக்கும் அடி சறுக்கும். ஆனா அதை இன்னும் சொல்லிக் காட்டறா பாருங்க.

இருவது மணி நேரம் பறந்தாச்சு. "ஞாயித்துக்கெழம நல்லாச் செஞ்சீங்கன்னா சோலோ அனுப்புதேன் சார்"னு கேப்டன் அம்மிணி சொல்லிட்டாங்க. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு. நான் உடனே ஒறம்பரை அத்தனை பேருக்கும் சொல்லி, பஸ் ஸ்டாண்டு முன்னால ஃப்ளெக்ஸும் வெச்சுப்போட்டேன். தொப்பி, கூலிங்கிளாஸ், பின்னால மேகம். "ஆகாயம் ஆளும் அண்ணனே"ன்னு ரிக்குப் பசங்க எழுதியிருந்தாங்க. அவசரப்பட்டிருக்க வேண்டாந்தான். ஆனா ஃப்ளெக்ஸ் வெச்ச பொறவு மனுசன் பின்வாங்க முடியாது, உங்களுக்குத் தெரியாததா.

செவ்வாக்கெழம. அன்னிக்குத்தான் நடந்துச்சு.

மூவாயிரம் அடியில திருப்பறதெல்லாம் பழகிட்டுத் திரும்பறோம். தூரத்துல ஓடுதளம் தெரியுது. கறுப்பை இழுத்து இன்ஜினை அடக்கியாச்சு, மூக்கைத் தாழ்த்தியாச்சு. வண்டி வழுக்கிக்கிட்டு எறங்குது. நல்ல இறக்கம். கேப்டன் அம்மிணி அந்தப் பக்கம் சன்னல்ல வேற வண்டி எதாச்சும் வருதான்னு எட்டிப் பாத்துக்கிட்டிருக்காங்க. எனக்கு அந்த இறக்கத்தைப் பாக்கப் பாக்கக் கை அரிக்குதுங்க. காத்துலயே எறங்கற வண்டிக்கு இன்ஜின் எதுக்குப் பொட்டுப் பொட்டுன்னு குடிச்சிட்டிருக்கோணும்? செகப்புக் குமிழுக்கு நடுவுல ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கிக்கிட்டு மெதுவா இழுத்தேன். முழுசா.

ஒண்ணுமே ஆகலிங்க. அதுதான் அதிசயம். மூக்குல இருக்கற காத்தாடி காத்து வேகத்துலயே சுத்திக்கிட்டிருக்குது, வண்டி எறங்கிக்கிட்டிருக்குது, சத்தம் மட்டும் சித்தக் கொறைஞ்சுது. எனக்கு மனசு குளுந்து போச்சு. நாளைக்கு இதைச் சொன்னா பள்ளிக்கூடமே என்னையக் கையெடுத்துக் கும்பிடும்னு நெனைச்சுக்கிட்டேன். அத்தனை வண்டிக்கும், தெனமும், எத்தனை எறக்கம்?

எறநூறு, முன்னூறு அடியாக் கொறைஞ்சு கொறைஞ்சு அறுநூறு அடிக்கு வந்துட்டோம். ஓடுதளம் இன்னும் முன்னால இருக்குது. கீழ கரும்புக் காடு. "கொஞ்சம் பவர் குடுங்க சார், எட்டாது"ன்னாங்க. நான் கறுப்பைத் தள்ளுனேன். தட்டு தொறந்துச்சு, காத்துப் போச்சு. வெறும் காத்து. இன்ஜின் கம்முனு இருக்குது. "பவர் சார்"ன்னாங்க. "குடுத்துட்டேனுங்க"ன்னேன். கரும்புத் தோகை தனித்தனியாத் தெரியுது.

என்ன கேட்டீங்க? செகப்பை மறந்துட்டனான்னா? மறக்கலீங்க. மறக்கறதாவது. நெனைப்பு சித்த வேற பக்கம் போயிருந்துச்சு, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு நொடி விட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அம்மிணி குனிஞ்சு பாத்துட்டு, என்ற கையத் தட்டி விட்டுட்டு, உள்ளங்கையால செகப்பை ஒரே தள்ளு தள்ளுனாங்க. இன்ஜின் ஒரு இருமல் இருமிச்சு, புடிச்சுக்கிச்சு. அவ்வளவுதான் விசயம். வண்டி சேதாரமில்லாம எறங்குச்சு.

எறங்குன பொறவு திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டலை. வண்டிய நிறுத்திப்போட்டு, எறங்கி, சக்கரத்துகிட்ட வெறுந்தரையில உக்காந்துட்டாங்க. போனை எடுத்து, "அம்மா... ஒண்ணுமில்லம்மா, சும்மாத்தான் கூப்ட்டேன். இன்னைக்கு என்ன கொழம்பு வச்ச?"ன்னாங்க. அந்தப் பக்கம் என்னமோ சொன்னாங்க. "நல்லா இருக்கும்லா, எனக்கும் கொஞ்சம் எடுத்து வை"ன்னாங்க. தூத்துக்குடியில வெச்ச கொழம்பை இவங்க எப்படிங்க திங்கப் போறாங்க? எனக்கு அப்ப மனசுக்குள்ள சுருக்குன்னு ஒண்ணு தெச்சுது, பொய் சொல்லலை. ரெண்டு பேரு வண்டியில ரெண்டு பேரு இருந்திருக்கறோம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ஆனா வேலை நேரத்துல போன் பேசக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களா இல்லீங்களா?

அப்புறம் எந்திரிச்சு வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "ஞாயித்துக்கெழம வீட்டுல அம்மாவக் கூட்டிட்டு வாங்க சார். அவங்ககிட்ட பேசிட்டுத்தான் சோலோவப் பத்தி முடிவு சொல்லுதேன்." துளசிமணியத்தான் சொல்றாங்க. கேட்டீங்களா இதை? நாலு ரிக்கு ஓட்டற மனுசன், ஊட்ல இருந்து பெரியவங்களைக் கூட்டிட்டு வான்னு ஒண்ணாங் கிளாஸ் பையனுக்குச் சொல்ற மாதிரி.

ஞாயித்துக்கெழம ரெண்டு வேன் நெறைய ஒறம்பரை வந்து வேப்பமரத்தடியில எறங்கிருச்சு. கட்டுச்சோறு, சுண்டல், என்ற பேரு போட்ட மாலை. யாருக்கும் விசயம் தெரியாது. நானும் துளசிமணியும் ஆபீசுக்குள்ள நிக்கறோம். கேப்டன் அம்மிணி நடந்ததை ஒண்ணு விடாம அவகிட்டச் சொன்னாங்க. துளசிமணி ஒரு தரம் கூட என்னையத் திரும்பிப் பாக்கலை. கேட்டு முடிச்சுட்டு, "உனக்குக் காயம் கீயம் படலியே கண்ணு?"ன்னா. எனக்குப் பட்டுதான்னு கேட்டாளா? இல்லீங்க.

"அம்மா, தனியா அனுப்புனா அந்தக் கையத் தட்டி விட அங்க ஆள் கிடையாது. வெள்ளி, சனி ரெண்டு நாளும் பாத்தேன். எறங்கும்போது அந்தக் கை தன்னால அங்க போவுது. நீங்களே சொல்லுங்க, இந்தப் பழக்கத்தை விடுவாரா?"ன்னாங்க கேப்டன் அம்மிணி.

துளசிமணி ரோசனையே பண்ணலை. "விட மாட்டாருங்க கண்ணு"ன்னுட்டா. முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ. புருசனை விட்டுக் குடுக்கறதுன்னா இப்படித்தான் குடுக்கறதா? வெளிய மாலையோட சனம் நிக்குது. தனியா ஒரே ஒரு சுத்து. அதுக்குத்தானுங்க ஒரு வருசமாக் காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சேன். "ஏனுங்க அம்மிணி, ஒரே ஒரு சுத்துங்க"ன்னேன். என்ற குரல் எனக்கே புடிக்கலை.

துளசிமணி அப்பத்தான் என்னையப் பாத்தா. பாத்துட்டு, "அந்தச் செகப்பு எது, காட்டுங்க"ன்னு தாஜுதீன் பாயைக் கேட்டா. வண்டிகிட்டப் போனோம். பாய் குமிழைக் காட்டி, கிண்ணம், மிதவை, எல்லாம் சொன்னாரு. "அப்ப இது தொண்டைங்களா?"ன்னா. "ஆமாம்மா, தொண்டையேதான்"னாரு பாய். நான் மூணு நாளு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இவளுக்கு ஒரு வார்த்தையில வந்துருச்சு.

பதினெட்டாம் பெருக்குக்குத் தாலிக் கயிறு மாத்தறதுக்குன்னு மலைக் கோயில்ல வெச்சுக் கும்பிட்டு வந்த புது மஞ்சக் கயிறு பர்ஸுல வெச்சிருந்தா. அதை எடுத்தா. செகப்புக் குமிழோட கழுத்துல சுத்தி முடிச்சுப் போட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு. "ஏர்கிராஃப்ட்ல இதெல்லாம் கட்டக் கூடாதும்மா"ன்னாரு பாய். கேப்டன் அம்மிணி பாத்துட்டே நின்னாங்க. அப்புறம் குமிழை உள்ள தள்ளி வெளிய இழுத்து நாலஞ்சு தரம் சோதிச்சாங்க. "தடங்கல் இல்ல பாய். இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

எங்க கல்யாணத்துல நான் போட்டது ஒரு முடிச்சுங்க. மத்த ரெண்டும் என்ற அக்கா போட்டா. இவ மூணையும் அவளே போட்டுட்டா.

மொத சுத்து கேப்டன் அம்மிணியும் கூட வந்தாங்க. எறங்கறப்ப கை போச்சு. போகாதுன்னு நான் உங்ககிட்டப் பொய் சொல்லலை. போயி, வெரல்ல அந்த நூல் பட்டுச்சு. புதுக்கயிறு, மஞ்சள் இன்னும் ஈரம். கை திரும்பி வந்து தொடை மேல உக்காந்துக்கிச்சு. அம்மிணி அதைப் பாத்துட்டாங்க. தரைக்கு வந்ததும் பெல்ட்டைக் கழட்டி, எறங்கி, கதவைச் சாத்திட்டு, "போயிட்டு வாங்க சார்"ன்னாங்க.

தனியாப் போனனுங்க. அதை எப்படிச் சொல்றது? பக்கத்து சீட்டு காலி. வண்டி லேசாயி விருட்டுன்னு ஏறுது. கீழ வேப்பமரத்தடியில சனம் கடுகு மாதிரி. முப்பது வருசம் மண்ணைத் தொளைச்சவன் அந்த மண்ணை மேல இருந்து பாக்கறேன். வாய் விட்டுச் சிரிச்சேன், கேக்க ஆளில்லைங்கற தைரியத்துல. எறங்கறப்பவும் செகப்பைத் தொடலை. எறக்கம் முச்சூடும் இன்ஜின் பொட்டுப் பொட்டுன்னு குடிச்சுக்கிட்டே வந்துச்சு, நானும் குடின்னு விட்டுட்டேன். மூணு சக்கரமும் பூ மாதிரி எறங்குச்சு. மரத்தடிக்கு எதிர்க்கக் கொண்டாந்து நிறுத்துனேன். சனம் கை தட்டுது.

இப்பத்தானுங்க சங்கடம். தரையில இன்ஜினை எப்படி நிறுத்தறதுன்னு நான் உங்களுக்குச் சொல்லலை இல்லீங்களா. சாவிய அணைச்சு நிறுத்தறது இல்ல. உள்ள பெட்ரோல் மிச்சம் தங்குனா, தெரியாம யாராச்சும் காத்தாடியத் தொட்டா வெட்டிப்போடும். செகப்பை முழுசா வெளிய இழுத்து, தொண்டைய அடைச்சுத்தான் நிறுத்தோணும். அதுதான் முறை. அத்தனை நாளும் எனக்குப் புடிச்ச வேலையே அதுதான்.

கை வெச்சேன். மூணு முடிச்சு. கயிறு தடுக்கலை, எனக்குத்தான் இழுக்க மனசு வரலீங்க.

மரத்தடியில சனம் கைதட்டி ஓஞ்சிருச்சு. இன்ஜின் ஓடுது. கேப்டன் அம்மிணி தூரத்துல இருந்து கழுத்துக்குக் குறுக்கால கைய வீசி, நிறுத்துங்கன்னு காட்டறாங்க. நான் தலையாட்டுனேன், இழுக்கலை. பின்பக்கமாச் சுத்தி வந்து கதவைத் தொறந்தாங்க. "என்ன சார், செகப்ப இழுங்க." "நீங்களே இழுங்க அம்மிணி"ன்னேன். குனிஞ்சாங்க, கைய நீட்டுனாங்க, கயித்தைப் பாத்தாங்க. கையத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. "சோதிக்கும்போது இன்ஜின் ஓடல. ஓடுததத் தாலிக் கயித்தோட இழுத்து நிறுத்த நான் மாட்டேன் சார்." பாயைக் கூப்பிட்டாங்க. அவரு எட்டிப் பாத்துட்டு, "நமக்கெதுக்கும்மா அந்தப் பாவம்"னுட்டாரு. இன்ஜின் ஓடுது. நிக்கற வண்டி, ஒரு அடி நகராத வண்டி, குடிச்சுக்கிட்டே இருக்குது.

கடைசியில பாய்தான், டேங்குல இருந்து வர்ற வழியை அடைக்க வண்டிக்குள்ள தரையோட ஒரு வால்வு இருக்குது, அதைக் குனிஞ்சு அடைச்சாரு. "இனி கிண்ணத்துல இருக்கற வரைக்கும் ஓடும். தீந்தா நிக்கும். உக்காந்திருங்க"ன்னாரு. உக்காந்திருந்தேன். ரெண்டு நிமிசத்துக்கு மேல ஆச்சு. உள்ள மிதவை எறங்கறது எனக்குக் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்துச்சு. ஊசி விலகி நிக்குது, வர்றதுக்கு ஒண்ணுமில்ல, கிண்ணத்துல இருக்கறதை அடிவரைக்கும் குடிக்குது. அப்புறம் ரெண்டு குலுக்கு குலுக்கி, காத்தாடி நின்னுச்சு.

துளசிமணி மாலைய எடுத்துக்கிட்டு வந்தா. வந்தவ மாலையப் போடலை, என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறா. "ஏனுங்க, அழுவறீங்களா?"ன்னா. ஆமான்னேன். இத்தனை பெட்ரோலு சும்மா நின்னு வீணாப் போனா யாருக்குங்க அழுகை வராது? அவ அதை நம்பலை. ஒறம்பரைச் சனம் ஒருத்தரும் நம்பலை. அன்னியில இருந்து இவரு பொண்டாட்டிய நெனைச்சு அழுதாருன்னு ஊர் முச்சூடும் சொல்லிக்கிட்டுத் திரியறா. நீங்க சொல்லுங்க, நீங்களும் எதாச்சும் வண்டி ஓட்டுவீங்கதானே. பெட்ரோலுக்குத்தானுங்களே அழுதிருப்பேன்?